தாய்நாடு காணச் செல்வோருக்கு

(பினாங்கில் நம் சங்கத்தார் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மகளைக் காணத் தஞ்சைத் தரணியிலிருந்து வந்த அடியேனை இச்சபை முன் நிறுத்தி, இந்நாட்டிற் பிறந்து இதுகாறும் தாய்நாட்டைக் கண்டிராத நம் இளைஞர்களுக்கு இரண்டொரு வார்த்தை சொல்லுமாறு காரியதரிசியவர்கள் பணித்தார்கள். கோயில் குளங்களைப் பற்றி யான் விரிக்கப் போவதில்லை. அவற்றிற்கு வழிகாட்டுவோர் பலர். பாட்டனார் பிறந்த கிராமத்திற்கு வழிகாட்டுவோரே அரியர்.

சென்ற தை மாதத்தில் ஈப்போவிலிருந்து இளந்தம்பதிகள் இருவர் வந்தனர். அவர்கள் கையிலிருந்தது பழைய கடித உறையொன்று. அதில் ஊர்ப் பெயரும் 'தஞ்சாவூர் ஜில்லா' என்பதுமே தெரிந்தன. திருச்சிராப்பள்ளியில் விமானத்தை விட்டிறங்கி, வாடகைக் காரமர்த்தி, தஞ்சாவூருக்கருகில் அதே பெயருள்ள வேறோர் ஊரில் மூன்று நாட்கள் விசாரித்து அலைந்தனர். எங்கள் ஊரோ இப்பொழுது திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. தபால்காரர் ஒருவர் சொல்ல, அவர்கள் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாட் காலையில் திரும்பும் விமானம். பாட்டனாரின் தங்கையார், தொண்ணூறு வயது கடந்தவர், பார்வை மங்கித் திண்ணையிற் படுத்திருந்தார். பேரனின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்து, "எங்க அண்ணன் மூக்கு" என்றார். ஒரு மணி நேரமே பேசினார்கள். ஆவணியில் அம்மூதாட்டியார் காலமானார். அவர் அறிந்திருந்த பழைய உறவுமுறைகளைச் சொல்ல எங்கள் ஊரில் இன்று எவருமிலர்.

பழைய தஞ்சாவூர் ஜில்லா இப்பொழுது ஒன்றன்று. 1991-ல் நாகப்பட்டினமும், 1997-ல் திருவாரூரும், 2020-ல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. 1948-ல் இந்திய யூனியனோடு இணைந்த புதுக்கோட்டைச் சமஸ்தானம், திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் அடங்கியிருந்து, 1974-ல் தனி மாவட்டமாயிற்று. இராமநாதபுரத்தினின்று சிவகங்கை பிரிந்தது 1985-ல். பின்கோடு என்பதோ 1972-ல் ஏற்பட்டது. அதற்கு முந்திய உறைகளில் அதனைத் தேடிப் பயனில்லை. ஆகையால் ஜில்லாப் பெயரொன்றையே நம்பிப் புறப்படாதீர்கள். தாலூகா, தபாலாபீஸ், குலதெய்வம் இம்மூன்றின் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குலதெய்வத்தையா என்று நகைக்க வேண்டா. பூசைக்கு வந்து கூடும் பங்காளிகள் யார் யார் என்பதைத் தாசில்தார் அறியார், பூசாரி அறிவார். 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி இங்கு வந்திறங்கிய பெரியோர் சிலர் உங்கள் இல்லங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இன்றிரவே கேளுங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கம் அடைமழை. தையும் மாசியும் உத்தமம். புறப்படுமுன் விசா பெறுதல் அவசியம். இந்திய வம்சாவளியினருக்கு வழங்கும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்போர் விசாவின்றி வரலாமெனினும், அது குடியுரிமையன்று. அதனைக் கொண்டு நன்செய் புன்செய் விலைக்கு வாங்க இயலாது. ஊரில் எவரேனும் நிலத்திற்கு முன்பணம் கேட்பின் கொடாதீர்கள். இதனை உங்கள் உறவினர்க்கும் சேர்த்தே சொல்லுகிறேன்! தாத்தாவின் பெட்டியிலுள்ள பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுக்கள் 2016 நவம்பரில் செல்லாதனவாக்கப்பட்டவை. சாக்லேட்டுப் பெட்டிகளை ஒரே வீட்டில் இறக்கிவிடாதீர்கள். பங்காளிகளுக்குள் மனஸ்தாபம் நீங்க வருஷங்களாகும். கிராமத்திற்கென்று குறைந்தது மூன்று நாட்கள் ஒதுக்குங்கள். அவை பிரயாணத்தின் தொடக்கத்திலேயே இருக்கட்டும், முடிவில் வேண்டா.

யான் அடுத்த மாதம் ஊர் திரும்புகிறேன். பழைய உறையோ, பத்திரமோ, புகைப்படமோ வைத்திருப்போர் கூட்டம் கலையுமுன் என்னிடம் காட்டுங்கள். எங்கள் பக்கத்து ஊராயின் யானே சென்று விசாரித்து எழுதுகிறேன்.