தடுப்பூசி நம்பிக்கை: கேட்க வேண்டியது யாரிடம்?

(கலந்துரையாடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தடுப்பூசி என்றாலே நம் மக்களுக்குப் பயம், விவரம் தெரியாதவர்கள், விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்று கோவிட் காலத்தில் பலர் பேசினார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம் சமுதாயத்தின் பெரிய மனிதர்கள் சிலரும் அதே பல்லவியைப் பாடினார்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மைகூட இல்லை என்பதுதான் என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். தேசியத் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24-ல் தொடங்கியது. அன்று பிரதமர் முஹிடின் யாசின் ஊசி போட்டுக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபர் 10-ல், நாட்டின் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி பெற்றுவிட்டார்கள் என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் மாநில எல்லைகள் திறந்தன. எட்டு மாதம்கூட ஆகவில்லை. பயந்து ஒளிகிற மக்களை வைத்துக்கொண்டு எந்த அரசாங்கமும் இதைச் செய்ய முடியாது.

இடைப்பட்ட மாதங்களில் என்ன நடந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். ஜூலையில் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. சாப்பாட்டுக்கு வழியில்லாத குடும்பங்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டின. ஆண்டு முடிவதற்குள் இறந்தவர் எண்ணிக்கை 31 ஆயிரத்தைத் தாண்டியது. ஊசி கிடைக்காமல் போன ஒவ்வொரு நாளுக்கும் விலை இருந்தது.

சரி, மீதிப் பத்து விழுக்காடு யார்? பயந்தவர்கள் இருந்தார்கள், மறுத்தவர்களும் இருந்தார்கள். வாசல் வரை வர முடியாதவர்களும் இருந்தார்கள். எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டி 'மறுப்பவர்கள்' என்று முத்திரை குத்துவதை நாம் ஏற்கக் கூடாது.

முதலில் பயந்தவர்களைப் பற்றிப் பேசுவோம். 2021 ஏப்ரல் நினைவிருக்கிறதா? நடிகர் விவேக் ஏப்ரல் 15-ல் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார். ஏப்ரல் 17-ல் மாரடைப்பால் காலமானார். அந்தச் செய்தி கடல் தாண்டி இங்கே வர எவ்வளவு நேரம் ஆனது? அன்று காலையிலேயே நம் கைப்பேசிகளில் புலனச் செய்திகள் குவிந்தன. அவர் போட்டுக்கொண்டது கோவேக்சின். இங்கே நமக்குப் போட்டது பைஸர், சினோவேக், அஸ்ட்ராஸெனெகா. இதை எத்தனை பேர் எடுத்துச் சொன்னார்கள்? அவருடைய இருதய இரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். இந்திய தேசியக் குழு ஆராய்ந்து, மரணத்திற்கு ஊசி காரணமல்ல என்று முடிவு சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. வதந்தி அரை நாளில் வந்தது, பதில் ஆறு மாதம் கழித்து வந்தது. அந்த இடைவெளியில் ஒரு தமிழ் அம்மா பயந்தால் அவரை அறிவற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் புரியும் மொழியில், அதே நாளில் பதில் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் குறை.

பயத்தை எப்படிக் கையாளலாம் என்பதற்கு நல்ல உதாரணமும் நம் நாட்டிலேயே உண்டு. அஸ்ட்ராஸெனெகாவால் மிக அரிதாக இரத்தம் உறைகிறது என்ற செய்தி பரவியபோது, பலர் அந்த ஊசி வேண்டாம் என்றார்கள். அன்றைய ஒருங்கிணைப்பு அமைச்சர் கைரி ஜமாலுடின் மக்களைத் திட்டவில்லை. அந்த ஊசியைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்து, ஆபத்து எவ்வளவு, பலன் எவ்வளவு என்று எண்களைக் காட்டி, விருப்பமுள்ளவர்கள் பதிந்துகொள்ளலாம் என்றார். மே 2-ல் கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் திறக்கப்பட்ட 268,600 இடங்களும் சில மணி நேரத்தில் நிரம்பின. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட ஊசிக்கு மக்கள் முட்டி மோதினார்கள்! உண்மையைச் சொல்லி முடிவை மக்களிடம் விட்டார்கள். அவ்வளவுதான்.

ஜூலையில் வெற்று ஊசிப் புகார்கள் வந்தபோதும் இதே வழிதான் பலன் தந்தது. போடும் முன் மருந்து இருப்பதையும், போட்ட பின் ஊசி காலியானதையும் காட்ட வேண்டும், வேண்டுமானால் காணொளி எடுத்துக்கொள்ளலாம் என்று விதி வந்தது. புகார் செய்தவர்களைப் பிடித்து உள்ளே போட்டிருந்தால் சந்தேகம் இன்னும் வளர்ந்திருக்கும்.

நம்பிக்கை எப்படிக் கெடும் என்பதையும் இந்த நாடு முன்பே பார்த்திருக்கிறது. 1998-99-ல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக் காய்ச்சலில் செத்து விழுந்தார்கள். இது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று அதிகாரிகள் உறுதியாக இருந்தார்கள். புகை அடித்தார்கள், அந்த நோய்க்கான ஊசியும் போட்டார்கள். ஊசி போட்டவர்களும் இறந்தார்கள். பெரியவர்கள்தான் அதிகம் சாகிறார்கள், பன்றியோடு பழகியவர்கள்தான் சாகிறார்கள் என்று அந்த மக்கள் கண்ணால் கண்டது காதில் ஏறவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பிறகுதான் அது நிப்பா என்று தெரிந்தது. 105 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் சீனர்கள், சிறுபான்மையினர். அந்த ஊசியில் குற்றமில்லை, அது வேறு நோய்க்கான ஊசி. பாதிக்கப்பட்டவன் சொன்னதைக் கேட்காததுதான் குற்றம்.

இப்போது வாசல் வரை வர முடியாதவர்களுக்கு வருகிறேன். இயக்கமாக நமக்கு இதுதான் முக்கியம்.

மைசெஜாத்ரா செயலியில் பதிய அடையாள அட்டை எண் அல்லது கடப்பிதழ் எண் கேட்டது. பிறப்புப் பத்திரமே இல்லாத நம் பிள்ளைகள், மூன்று தலைமுறையாக இங்கே வாழ்ந்தும் எந்த அட்டையும் இல்லாமல் இருக்கும் நம் பெரியவர்கள் என்ன எண்ணைப் போடுவார்கள்? 2021 பிப்ரவரியில், ஆவணம் இல்லாதவர்களுக்கும் இலவசமாக ஊசி என்று அறிவித்தார்கள். நல்லது, வரவேற்றோம். ஆனால் மே மாதக் கடைசியில் உள்துறை அமைச்சர் ஹம்சா சைனுடின், ஆவணமற்றவர்களைத் தேடிப் பிடிப்போம் என்றார். ஜூனில் சைபர்ஜெயாவிலும் டெங்கிலிலும் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தியது. ஒரு அமைச்சு வா என்கிறது, இன்னொரு அமைச்சு பிடி என்கிறது. முந்திய ஆண்டு மே 1-ல், கடும் கட்டுப்பாட்டில் அடைபட்டிருந்த மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்திலேயே நூற்றுக்கணக்கானோரை லாரியில் ஏற்றிப் போனதை மக்கள் பார்த்திருந்தார்கள். பரிசோதனைக்கு வருபவர்களைக் கைது செய்ய மாட்டோம் என்ற வாக்குறுதி அதற்கு முன்பே தரப்பட்டிருந்தது. பிறகு யார் வருவார்கள்?

ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கில், குடிமக்கள் அல்லாதவர்கள் முன்பதிவு இல்லாமல் வரலாம் என்றதும் புக்கிட் ஜாலிலில் கூட்டம் அலைமோதியது. ஊசியை வெறுத்தவர்களா அப்படி வரிசை பிடித்தார்கள்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்தின் மீது கோபம் இருக்கலாம், இருக்க வேண்டும். அந்தக் கோபத்தை ஊசியின் மீது காட்டுபவர்கள் நம் இயக்கத்திற்குள்ளும் இருக்கிறார்கள். "அவன் கொடுப்பதை நான் ஏன் வாங்க வேண்டும்" என்பது வீரமாகத் தெரியலாம். நஷ்டம் நம் பிள்ளைக்கு. 2022-ல் ஐந்து முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கான கோவிட் ஊசி ஏறக்குறைய பாதியிலேயே நின்றது. அதை விடுங்கள், கோவிட் அந்த வயதில் பெரும்பாலும் லேசாகப் போய்விடும் என்று வாதிடலாம். போலியோவுக்கு அப்படிச் சொல்ல முடியுமா? 1992-க்குப் பிறகு இங்கே ஒருவருக்கும் வராத போலியோ, 2019 டிசம்பரில் சபா துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்கு வந்தது. அடுத்த மாதம் மேலும் இரு பிள்ளைகள், இருவருமே குடியுரிமை இல்லாதவர்கள். பத்திரம் கேட்டு விட்டு வைத்தால் கிருமி எங்கே போய் இடம் பிடிக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நாடற்ற பிள்ளை அரசாங்கக் கிளினிக்குக்குப் போனால் வெளிநாட்டவர் கட்டணம் கேட்கிறார்கள். பிள்ளைகளின் வழக்கமான தடுப்பூசிகளுக்கு அந்தக் கட்டணம் இருக்கக் கூடாது. கிளினிக்கில் காட்டும் விவரம் குடிநுழைவுத் துறைக்குப் போகாது என்று எழுத்தில் வேண்டும். தமிழில் விளக்கம் ஊசி வருவதற்கு முன்பே வர வேண்டும், பக்க விளைவையும் மறைக்காமல். இந்த மூன்றையும் சுகாதார அமைச்சுக்கு மனுவாகத் தயாரிக்கிறோம்.

அதற்கு உங்கள் உதவி தேவை. உங்கள் தாமானில், அடுக்குமாடியில், பழைய தோட்ட லயத்தில் ஊசி அட்டை இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டு வாருங்கள். பெயரும் முகவரியும் வேண்டாம், அவை வெளியே போகவும் கூடாது. வயதும் எண்ணிக்கையும் மட்டும் போதும். மாதக் கடைசியில் கூடும்போது கொண்டு வாருங்கள்.