கட்டுரை யாருடையது?



வீட்டில் எழுதிவரச் சொன்ன கட்டுரையை மாணவரே எழுதினாரா, சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்ததா? 2022 நவம்பர் கடைசியில் அது வெளிவந்ததிலிருந்து ஆசிரியர்களை அரிக்கும் கேள்வி இது. நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் அதற்குத் தடை போட்டன; மே மாதமே விலக்கிக்கொண்டன.

கண்டுபிடிக்கத்தான் மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே ஒன்றை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் நூற்றுக்கு 26-ஐத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதிலோ நூற்றுக்கு 9-ஐ இயந்திரத்தின் கணக்கில் சேர்த்தது. ஆறே மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

என்னை அதிகம் வருத்தியது 2023-இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று தீர்ப்பு வந்தது! அடுத்த சொல் எதுவென்று எளிதில் ஊகிக்க முடிந்தால் கருவி சந்தேகப்படும். பழகிய நாலு சொற்களை வைத்துக்கொண்டு வேற்றுமொழியில் முட்டிமோதி எழுதும் பிள்ளைமேல் பழி விழுகிறது. இது அநியாயம். நம் பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்பவர்கள்தாம்.

கருவியிடம் கேட்பதற்குப் பதில் எழுதியவரையே கூப்பிட்டுக் கேட்கலாமே! இந்த முடிவுக்கு எப்படி வந்தாய், இந்தச் சான்றை எங்கே பார்த்தாய் என்று ஐந்து நிமிடம் பேசினால் போதும். முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு இன்றும் உண்டு. அறுபது பேர் வகுப்பில் நேரத்துக்கு எங்கே போவது என்று ஆசிரியர் கேட்பது நியாயம்தான். வாரம் ஐந்து பேரை அழைத்தால், பன்னிரண்டு வாரத்தில் வகுப்பு முழுவதையும் கேட்டுவிடலாம்.