குருத்தோலையும் குழந்தையும்

பளையிலே திருச்சபையொன்று பாலர் பள்ளி அமைக்க எண்ணுமாயின், மூன்று வயதுக் குழந்தைக்குச் சமயத்தை எவ்வாறு புகட்டுவது என்ற கேள்வி எழும். வேத வசனங்களை மனனஞ் செய்வித்தல் எளிது. விழாவிலே ஒப்புவிக்கும்போது பெற்றோரும் மகிழ்வர். குழந்தை உணர்ந்தது யாதென எவரும் வினவுவதில்லை.

மரியா மொண்டிசோரி அம்மையார் வேறு வழி கண்டார். 1907இல் ரோமாபுரியிலே முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த அவர், பின்னர் பார்சிலோனாவில், திருப்பலி அப்பத்துக்குரிய கோதுமையையும் இரசத்துக்குரிய திராட்சையையும் சிறுவரே பயிரிடச் செய்தார். 1944இல் இலங்கைக்கு வந்து, குழந்தையின் முதல் மூன்று ஆண்டுகள் குறித்து 30 விரிவுரைகள் நிகழ்த்தியவரும் அவரே.

பளையிற் கோதுமைக்கு எங்கே போவது? தென்னந்தோட்டங்கள் இருக்கின்றனவே! குருத்தோலை ஞாயிற்றுக்கு முன் ஓலையை வகிர்ந்து, மடித்து, சிலுவை செய்யும் பிஞ்சு விரல்கள் எழுதுகோல் பிடிக்கவும் அங்கேயே பழகுகின்றன. அதே குருத்தோலையிற் கோயில் தோரணம் கட்டுவதைக் கண்டு வளர்ந்த அயல்வீட்டுச் சைவக் குழந்தையும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. எண்ணுவதற்குக் குரும்பைகள் போதும். விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்கள் பெரும்பாலும் அலுமாரியிற் பூட்டுண்டே கிடக்கும்!

முற்றமோ வேறு காரியம். அருகிலுள்ள முகமாலை நெடுங்காலம் போர்முனையாயிருந்தது. 2009இல் போர் முடிந்த பின்னரும் அங்கே கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஆகவே திட்டத்தாளின் முதல் வரியில் நேரசூசி அன்று, காணியே இடம்பெறல் வேண்டும்: சோதித்து விடுவிக்கப்பட்ட நிலமா? வேலி உறுதியா? ஓடுவதற்கு இடமுண்டா? ஐந்து வயதில் முதலாம் வகுப்பு வரும். எழுத்து அதுவரை காத்திருக்கலாம். காலையிலே குழந்தைகள் ஓடிக் களைத்த பின்பே ஓலையும் கதையும் பாட்டும்.