தலக்குளத்துத் தளவாய்



பாறசாலையை அடுத்த காரோடு என்னும் சிற்றூர் கேரளத்தின் தென்கோடியில் உள்ளது. அதனைக் கடந்தால் தமிழ்நாடு. 1956 நவம்பர் முதல் நாளன்று வகுக்கப்பட்ட எல்லை இது. வேலுத்தம்பி தளவாயின் காலத்தில் இருபுறமும் திருவிதாங்கூரே. அவர் 1765-இல் பிறந்த தலக்குளம் இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. 1809-இல் உயிர்நீத்த மண்ணடி கேரளத்தில் இருக்கிறது.

‘செண்பகராமன்’ என்பது அவர் குடும்பத்தார்க்கு அரசர் அளித்த விருதுப்பெயர். ஐரோப்பியரின் ‘நைட்’ பட்டத்தை ஒத்தது. அதனாலோ என்னவோ, தளவாயை நினைக்குந்தோறும் எனக்கு ஸ்காட்லாந்தின் விடுதலைக்குப் போராடிய வில்லியம் வாலஸின் நினைவு வரும். 1305-இல் லண்டனில் இராஜத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டபோது, ஆங்கில மன்னருக்குத் தாம் ஒருநாளும் விசுவாசப் பிரமாணம் செய்ததில்லை, ஆதலின் தாம் துரோகி அல்லர் என்று விடையிறுத்தவர் வாலஸ்.

தளவாய் அவ்வாறு கூறியிருக்க இயலாது. 1804-இல் படிப்பணத்தைக் குறைத்ததற்காக நாயர்ப் படையினர் கிளர்ந்தெழுந்தனர். தளவாயை நீக்க வேண்டும், கம்பெனியின் உறவை அறுக்க வேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகள். அவரோ கம்பெனியின் துணைகொண்டே அவர்களை அடக்கினார். மறு ஆண்டே புதிய உடன்படிக்கை ஏற்பட்டது. கம்பெனிப் படையின் செலவுக்கென ஆண்டுதோறும் எட்டு இலட்சம் ரூபாய் செலுத்த நேர்ந்தது. தளவாயின் வீரத்தைப் பாடுவோர் இந்தக் கட்டத்தை விரைந்து கடந்துவிடுவர். ஆனால் இதனை அறிந்தாலன்றிப் பின்னர் அவர் துணிந்த துணிவின் அளவு விளங்காது. தம் கையால் இட்ட முடிச்சை அல்லவா அவர் அறுக்க முற்பட்டார்! பாக்கியைக் கேட்டு நெருக்கிய ரெசிடெண்டு கர்னல் மெக்காலே ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவரின் மைந்தர் என்பது சரித்திரத்தின் விநோதம்.

1808 டிசம்பரில் கொச்சியில் ரெசிடெண்டின் மாளிகை தாக்கப்பட்டது. மெக்காலே கப்பலேறித் தப்பினார். 1809 ஜனவரி 11-இல் குண்டறையிலிருந்து, கம்பெனியை எதிர்த்து எழுமாறு தளவாய் மக்களை அழைத்தார். ஒரே மாதத்தில் ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தது. புதிய தளவாய் அமர்த்தப்பட்டார்; பழையவரைப் பிடிக்க ஆட்கள் விரைந்தனர். பகைவர் கையில் சிக்குவதினும் சாவே மேலெனக் கருதி, மண்ணடிக் கோயிலில் அவர் உயிர் துறந்தார். உடனிருந்த தம்பி தூக்கிலிடப்பட்டார்.

வாலஸின் உடற்கூறுகள் நான்கு ஊர்களில் தொங்கவிடப்பட்டன. தளவாயின் உடல் திருவனந்தபுரத்துக் கண்ணம்மூலையில். அச்செயலைக் கண்டித்த கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவும் ஸ்காட்லாந்துக்காரரே.

தப்பிச் செல்லும் வழியில் தளவாய் தம் வாளைக் கிளிமானூர் அரண்மனையில் ஒப்படைத்திருந்தார். 1957-இல் அது குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத்திடம் வழங்கப்பட்டது. பின்னர் நெடுங்காலம், நம்மில் பலரைப் போலவே, டில்லிவாசியாய்த் தேசிய அருங்காட்சியகத்தில் இருந்தது. 2010-இல் திருவனந்தபுரம் திரும்பியது.