தப்பிக்கும் வழி

காசு கொடுத்து விண்வெளியின் விளிம்பைத் தொட்டு வர விரும்புகிறவர்களுக்காக அமெரிக்காவில் இரண்டு விதக் கலங்கள் உருவாயின. வர்ஜின் கேலக்டிக்கின் ஸ்பேஸ்ஷிப்-டூ, தாய் விமானத்தின் அடியில் தொங்கியபடி மேலே போய், பிரிந்த பிறகு ராக்கெட்டை இயக்கியது. இரண்டு விமானிகள் அதை ஓட்டி ஓடுபாதையில் இறக்கினார்கள். ப்ளூ ஆரிஜினின் நியூ ஷெப்பர்ட் தரையிலிருந்தே செங்குத்தாகக் கிளம்பும். அதன் உச்சியில் ஆறு பேர் அமரும் கூண்டு, ஓட்டுவதற்கு ஆள் கிடையாது. பயணிகளை ஏற்றுவதற்கு இரண்டாவது வடிவமே சரி என்பது என் உறுதியான கருத்து.

இறக்கை வைத்த கலத்தின் அழகைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் யோசித்த அதன் வால் ஓர் அபாரமான கற்பனை. கீழே இறங்கும்போது வால் பகுதி அப்படியே மேல்நோக்கி மடங்கும். மடங்கிய கலம், எப்படி அடித்தாலும் தலையை முன்னே திருப்பிக்கொள்ளும் இறகுப்பந்தைப் போலத் தானாகவே சரியான நிலைக்கு வந்து, வேகத்தையும் இழக்கும். 2004இல் அதன் முன்னோடியான ஸ்பேஸ்ஷிப்-ஒன் ஒரு கோடி டாலர் அன்சாரி எக்ஸ் பரிசை வென்றது இந்த வாலோடுதான். ஆனால் 2014 அக்டோபர் 31 அன்று மொஹாவி பாலைவனத்தின் மேல் நடந்த ஸ்பேஸ்ஷிப்-டூவின் சோதனைப் பறப்பில், ஒலியைப்போல் 1.4 மடங்கு வேகத்தில் திறக்க வேண்டிய வால் பூட்டைத் துணை விமானி 0.8 மடங்கிலேயே திறந்தார். அந்த வேகத்தில் காற்றின் விசையே வாலைத் தூக்கிவிட்டது. கலம் நடுவானில் சிதறி அவர் உயிரிழந்தார். உடனிருந்த விமானி பாராசூட்டில் பிழைத்தார். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விமானியின் தவறோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஒரே ஒரு மனிதத் தவறு கலத்தையே அழிக்கக்கூடும் என்று வடிவமைத்த நிறுவனம் எண்ணிப் பார்க்கவில்லை, அதற்குத் தடுப்பும் வைக்கவில்லை என்றது. பூட்டு முன்கூட்டியே திறக்காதபடி தடுப்பு வந்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது 2022 செப்டம்பர் 12ஐப் பாருங்கள். ஆளில்லாமல் ஆய்வுக் கருவிகளோடு கிளம்பிய நியூ ஷெப்பர்டின் எஞ்சின், சுமார் ஒரு நிமிடத்தில் பழுதானது. கூண்டுக்குள் இருக்கும் திட எரிபொருள் மோட்டார் அந்தக் கணமே தானாகப் பற்றி, கூண்டை ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. ராக்கெட் அழிந்தது, கூண்டு பாராசூட்டில் பத்திரமாக இறங்கியது. யாரும் எந்த விசையையும் தொடவில்லை.

எதிர்பாராத சிக்கலை விமானிதானே சமாளிப்பார் என்று கேட்பீர்கள். உண்மைதான்; 2004இல் ஸ்பேஸ்ஷிப்-ஒன் பறக்கும்போதே திரும்பத் திரும்பப் புரண்டது, விமானி மைக் மெல்வில் அதை அடக்கித் தரையிறக்கினார். ஆனால் கலமே உடையும்போது எந்தத் திறமையும் உதவாது. பயணிகளின் நடுவில் வெடிமருந்து போன்ற மோட்டாரை வைப்பதும் ஆபத்துதானே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது தரையில் பலமுறை சோதித்துப் பார்க்கக்கூடிய ஆபத்து. நடுவானில் உடையும் கலத்திலிருந்து வெளியேற வழியில்லாத நிலையை அப்படி ஒத்திகை பார்க்க முடியாது.

பயணி தப்பிக்கும் வழியைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தால், அமெரிக்காவில் பயணிகளின் பாதுகாப்புக்கென விதிகள் எழுத 2028 ஜனவரி வரை விமானப் போக்குவரத்து அமைப்புக்குத் தடை இருக்கிறது. ஆபத்து தெரியும் என்று கையெழுத்திட்டுவிட்டுப் பயணி ஏறுகிறார். அந்தத் தடை விலகும் நாளில் எழுதப்படும் முதல் விதி, எந்தக் கட்டத்தில் எது பழுதானாலும் பயணி உயிரோடு பிரிந்து வர வழி இருக்க வேண்டும் என்பதாக இருக்கட்டும்.