பயிற்சிச் சுற்றும் பந்தய முடிவும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

விழா மேடைகளில் இலக்கியம் பேசுவார்கள், இசை பேசுவார்கள். இன்று நான் ஓட்டப் பந்தயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். ஓட்டம் நம்மவர்க்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. இந்நகரில் அல்சூர் ஏரியை ஒட்டி மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையின் மையம் இருக்கின்றது. தமிழ் இளைஞர் பலர் அப்படையிற் சேர்ந்து வாழ்வு பெற்றிருக்கின்றனர். படையிற் சேர விரும்புவோன் கடக்கவேண்டிய முதல் வாயில்களுள் ஒன்று ஓட்டமே. 2022-ஆம் ஆண்டு அக்னிபத் திட்டம் தொடங்கியபோது, ஆள்சேர்ப்பு முகாமில் 1600 மீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடியவனுக்கு 60 மதிப்பெண். 5 நிமிடம் 45 வினாடிக்குள் ஓடியவனுக்கு 48 மதிப்பெண். அதற்கும் பிந்தியவன் அன்றே ஊர் திரும்பவேண்டியிருந்தது. வயது வரம்போ குறுகியது. ஆகவே பதினைந்து வினாடியில் ஒரு குடும்பத்தின் நிலை மாறக்கூடும் என்றால் அது மிகையன்று.

முகாமுக்குப் போகுமுன்பே தன் நிலையை ஓர் இளைஞன் அறிந்துகொள்ள இயலுமா என்பதே இன்றைய கேள்வி. ஒவ்வொரு வாரமும் முழுத் தொலைவையும் முழு மூச்சோடு ஓடிப் பார்த்தால் உடல் களைத்துப் போகும், பயிற்சியும் கெடும். அதற்கு மாற்றாக வந்ததே இடைவெளிப் பயிற்சியைக் கொண்டு பந்தய முடிவைக் கணிக்கும் முறை. வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசனுக்குச் சொன்ன அவ்வரிசை ஓடுபவனுக்கும் பொருந்தும்.

முதலில் வலியறிதல். குறித்த ஒரு தொலைவை வேகமாக ஓடுதல், குறித்த நேரம் இளைப்பாறுதல், மீண்டும் ஓடுதல், இவ்வாறு பன்முறை செய்வதே இடைவெளிப் பயிற்சி. 1930-களில் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் கெர்ஷ்லர் என்னும் பயிற்சியாளரும் ரைன்டல் என்னும் மருத்துவரும் இதற்கு அறிவியல் வடிவம் தந்தனர். ஓட்டத்தில் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 180 வரை ஏறலாம். ஓய்வில் 90 வினாடிக்குள் அது 120 அளவுக்கு இறங்கவேண்டும். இறங்காவிடில் ஓட்டம் அவன் வலிமைக்கு மீறியது என்று வகுத்தனர். கெர்ஷ்லரிடம் பயின்ற ஹார்பிக் 1939-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடி உலகை வியப்பில் ஆழ்த்தினார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. வேகமாக ஒரு சுற்று ஓடிக் காட்டுவது எவர்க்கும் எளிது. அதன்பின் எத்துணை விரைவில் உடல் தெளிகின்றது என்பதில்தான் உண்மை வலிமை வெளிப்படுகின்றது.

இதற்குச் சிறந்த சான்று ரோஜர் பானிஸ்டரின் வரலாறு. ஒரு மைலை நான்கு நிமிடத்திற்குள் ஓட எண்ணிய அவர், 440 கெஜச் சுற்றைப் பத்து முறை, இடையே இரண்டு நிமிட ஓய்வோடு, ஓடிப் பழகினார். ஒரு சுற்றுக்கு 61 வினாடி என்ற அளவில் வந்து நின்றுவிட்டார். அதற்குக் கீழே இறங்க இயலவில்லை. ஸ்காட்லாந்து மலைகளில் சில நாள் ஏறித் திரிந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, பத்துச் சுற்றையும் 59 வினாடியில் முடித்தார். 1954 மே 6-ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் அவர் மைலை ஓடிய நேரம் 3 நிமிடம் 59.4 வினாடி. நான்கால் வகுத்தால் சுற்றுக்கு 60 வினாடிக்குச் சற்றே குறைவு. பயிற்சி 59 என்றது. பந்தயம் ஏறத்தாழ 60 என்றது. வேகத்தை வகுத்துக் கொடுக்க இரு தோழர்கள் உடன் ஓடியதையும் நாம் மறத்தலாகாது.

இக்கணக்கை நம் இளைஞனுக்குப் பொருத்திப் பாருங்கள். 1600 மீட்டர் என்பது 400 மீட்டர் ஓடுபாதையில் நான்கு சுற்று. 5 நிமிடம் 30 வினாடிக்குச் சுற்றொன்றுக்கு 82.5 வினாடி. இரண்டு நிமிட ஓய்வோடு பத்துச் சுற்றையும் 81, 82 வினாடியில் அவன் முடித்தால் நம்பிக்கையோடு முகாமுக்குப் போகலாம். 86 வினாடியே வருமாயின் அவன் நிற்குமிடம் 5 நிமிடம் 44 வினாடி. இரண்டாம் பிரிவின் விளிம்பு. இதனை முகாமுக்கு இரண்டு மாதம் முன்னே அறிந்தவன் திருந்தலாம். முகாமன்று அறிந்தவன் என்ன செய்வான்?

கணக்கு மெய்யாக வேண்டுமாயின் நிபந்தனைகள் உண்டு. ஓய்வு நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் காக்கவேண்டும். இரண்டு நிமிடம் நான்கு நிமிடமானால் எண் நம்மைப் புகழ்ந்து ஏமாற்றும். முதற் சுற்றை 76-லும் கடைசிச் சுற்றை 90-லும் ஓடிவிட்டுச் சராசரி எடுப்பதிற் பயனில்லை. சுற்றுகள் ஒன்றுபோல் அமையவேண்டும். பந்தயம் நீள நீள, ஓடும் துண்டும் நீளவேண்டும், ஓய்வு குறுகவேண்டும்.

2008 முதல் இந்நகரில் 10 கிலோமீட்டர் பந்தயம் நடந்து வருகின்றது. அதனை 50 நிமிடத்தில் முடிக்க விரும்புவோர், ஒரு கிலோமீட்டரை ஆறு முறை, இடையே ஒரே நிமிட ஓய்வோடு, 5 நிமிடம் வீதம் ஓடிப் பார்க்கலாம். ஆறாவது துண்டும் தளராமல் முடிந்தால் எண்ணம் நிறைவேறக்கூடியதே. வேறொரு வழியாலும் இதனைச் சரிபார்க்கலாம். பீட்டர் ரீகல் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் ஒரு வாய்பாடு வெளியிட்டார். தொலைவு இருமடங்கானால் நேரம் இருமடங்காவதோடு நில்லாது, அதற்கு மேலும் ஏறத்தாழ 4 விழுக்காடு மிகும் என்பது அதன் சாரம். 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓடியவர் 10 கிலோமீட்டரை ஏறத்தாழ 50 நிமிடத்தில் ஓடுவார். இரண்டு கணக்கும் ஒத்து வந்தால் உறுதி மிகும்.

மாரத்தானுக்கு வருவோம். பார்ட் யாசோ என்னும் ஓட்டக்காரர் பெயரால் வழங்கும் கணக்கு உலகெங்கும் பரவியது. 800 மீட்டரைப் பத்து முறை, ஓடிய அளவு நேரமே மெல்லோட்ட ஓய்வோடு, 3 நிமிடம் 30 வினாடி வீதம் ஓட முடிந்தால், மாரத்தானை 3 மணி 30 நிமிடத்தில் முடிக்கலாம் என்பது அது. நினைவில் நிற்க எளிது. அதுவே அதன் புகழுக்குக் காரணம். ஆயினும் பலர் பந்தயத்தில் அக்கணக்குக்குச் சில நிமிடம் பின்தங்குகின்றனர். காரணம் வெளிப்படை. பயிற்சியில் ஓடியது 8 கிலோமீட்டர். பந்தயமோ 42 கிலோமீட்டருக்கும் மேல். 30 கிலோமீட்டருக்குப் பின் தசைகளில் சேமித்த சர்க்கரைச் சத்து தீரத் தொடங்கும்போது நேரும் சோதனையை இப்பயிற்சி தொடுவதே இல்லை. வாரந்தோறும் நெடுந்தொலைவு ஓடிப் பழகியவர்க்கே அக்கணக்கு துணை செய்யும்.

இனிக் காலமும் இடமும். மார்கழிக் குளிரில் விடியற்காலை எடுத்த எண், ஏப்ரல், மே மாத வெயிலுக்கு ஒவ்வாது. பெங்களூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. மறுபுறம், சென்னையின் புழுக்கம் இங்கில்லை. கண்டீரவா அரங்கின் சமமான பாதை வேறு. ஏற்ற இறக்கம் உள்ள நகரத் தெரு வேறு. ஆதலின் ஓர் ஊரில் எடுத்த எண்ணை மற்றோர் ஊரில் அப்படியே நம்பலாகாது.

இவையெல்லாம் பொருந்தினாலும், கணக்கு நேரத்தைச் சொல்லுமேயன்றி வெற்றியைச் சொல்லாது. புதுக்கோட்டை மாவட்டத்து லட்சுமணன் 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 5000 மீட்டரில் அன்று அவர் எடுத்துக்கொண்டது 14 நிமிடம் 54 வினாடி. அவர் 14 நிமிடத்திற்குள் ஓடியிருப்பவர். அன்று ஓட்டம் மெதுவாகச் சென்றது; முடிவில் யார் விரைந்தார் என்பதே வெற்றியைத் தீர்மானித்தது. அந்த அறிவைக் கடிகாரம் தராது.

ஆகவே இளைஞர்களே, ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள், இடம், வெயில், சுற்று நேரம், ஓய்வு, முடிந்தபின் நாடித்துடிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். பந்தயம் முடிந்ததும் பயிற்சி சொன்னதற்கும் பந்தயம் சொன்னதற்கும் உள்ள வேறுபாட்டைப் பக்கத்தில் குறியுங்கள். மூன்று நான்கு பந்தயங்களில் உங்களுக்கே உரிய வேறுபாடு தெளிவாகும். பிறர் வகுத்த வாய்பாட்டினும் அதுவே உங்களுக்கு மெய்யானது. எண் குறைவாக வந்தால் மனமுடைய வேண்டா. 61-இல் நின்றுபோன பானிஸ்டர் அப்போது செய்தது ஓய்வெடுத்தது. எண்ணை அவர் தீர்ப்பாகக் கொள்ளவில்லை.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்காகவும் கல்விக்காகவும் இந்நகருக்கு வரும் நம் பிள்ளைகளுள் பலருக்குப் பயிற்சியாளரை அமர்த்திக்கொள்ளும் வசதி இல்லை. அவர்களுக்கு வேண்டுவன ஒரு ஸ்டாப் வாட்ச், ஓர் ஓடுபாதை, பொறுமையாக நின்று நேரம் குறித்துத் தரும் ஒருவர், இவ்வளவே. ஞாயிறு விடியலில் ஒரு மணி நேரம் நம்மில் இருவர் மூவர் இதற்கு முன்வரலாகாதா? ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஓடுவது அவர்கள் பொறுப்பு. ஓடியதை உண்மையாகக் குறித்துச் சொல்வது நம் பொறுப்பாகட்டும்.