ஓரியூர்ச் செம்மண்



நான் அறந்தாங்கியிற் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊருக்குத் தெற்கே ஆவுடையார்கோயில் இருக்கிறது. மாணிக்கவாசகர் பெயரோடு ஒட்டிய தலம். அதற்கும் தெற்கே, பாம்பாற்றங்கரையில் ஓரியூர் இருக்கிறது. தை முடியும் நாள்களில் ஓரியூருக்கு நடந்து செல்லும் யாத்திரிகர் எங்கள் தெரு வழியே போவார்கள். அவர்களுக்குத் தெருவில் மோர்ப் பானை வைப்பவர் யார் என்று அந்நாளில் எவரும் கேட்டதில்லை. இந்துக்கள் வீட்டிலும் வைப்பார்கள். முகம்மதியர் வீட்டிலும் வைப்பார்கள்.

என் தந்தையார் ஓரியூரிலிருந்து ஒரு பிடி செம்மண் கொண்டுவந்து மரப்பேழையில் வைத்திருந்தார். அருளானந்தர் குருதி சிந்திய இடம் என்று மக்கள் போற்றும் இடத்து மண் அது. அந்த மண்ணைக்கொண்டே நான் ஒரு பிழை செய்தேன். பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கையில், சேதுபதி சீமையிலிருந்து வந்து படித்த என் நண்பனோடு பந்தாட்டத்திற் சண்டை மூண்டது. வாய் வலுவில் வெல்ல வேண்டி, “உங்கள் ஆட்கள்தாம் எங்கள் சாமியாரின் தலையை வெட்டினார்கள்” என்றேன். அவன் மறுமொழி கூறவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

செய்தி தந்தையார் காதுக்கு எட்டிற்று. அவர் என்னை அடிக்கவில்லை. அருகில் அமரச் செய்து, அருளானந்தர் வரலாற்றை முதலிலிருந்து முடிவு வரை சொன்னார். அன்று நான் கேட்டவற்றையும் பின்னர் நானே படித்தறிந்தவற்றையும் சேர்த்துத்தான் இன்று உங்களிடம் பேசுகிறேன்.

ஜான் டி பிரிட்டோ 1647ஆம் ஆண்டு லிஸ்பனில் உயர்குடியிற் பிறந்தவர். போர்ச்சுக்கல் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். இயேசு சபையிற் சேர்ந்து 1673இல் இந்தியா வந்தார். மதுரை மிஷனில் காவி உடுத்து, புலால் நீக்கி, பண்டாரசுவாமியாக வாழ்ந்தார். அருளானந்தர் என்று அழைக்கப்பெற்றார். 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டுக் கடுமையாக வதைக்கப்பட்டார். உடனிருந்த உபதேசியார்களும் வதையுண்டார்கள். ஆனால் கிழவன் சேதுபதி அவரை நேரில் அழைத்து, அவர் சொன்னவற்றைக் கேட்டு, “இனி என் நாட்டிற் போதிக்கலாகாது” என்று தடைவிதித்து விடுதலை செய்தார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். கிழவன் சேதுபதியைச் சமயவெறியர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது எளிது. ஆயின் கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவருடைய நெருங்கிய துணைவர் என்பதை மறக்கலாகாது. இராமநாதபுரத்தைத் தலைநகராக்கிக் கோட்டை கட்டி ஆண்ட அம்மன்னருக்கு வேற்றுச் சமயத்தார் என்ற ஒன்றே பகையாகத் தோன்றவில்லை. பின்னர் நிகழ்ந்ததற்குக் காரணம் வேறு.

அருளானந்தர் 1687இல் ஐரோப்பா சென்றார். அரியணையில் இருந்த பழைய தோழர் பேதுரு மன்னர் அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அவரோ 1690இல் திரும்பி வந்தார். தடைவிதிக்கப்பட்ட அதே நாட்டுக்குள் நுழைந்தார். சேதுபதியின் குடும்பத்தைச் சேர்ந்தவரும், சிறுவல்லிப் பகுதித் தலைவருமான தடியத்தேவர் நோயிலிருந்து நலம் பெற்று, 1693 சனவரி 6ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். ஒரு மனைவியோடு மட்டுமே வாழ்வதென்பது அதன் நிபந்தனை. ஏனைய மனைவியரை உடன்பிறந்தாராகக் காப்பேன் என்றார் அவர். அவர்களுள் இளையவர் சேதுபதிக்கு நெருங்கிய உறவினர். அவர் மன்னரிடம் சென்று முறையிட்டார்.

எங்கள் கோயில்களில் நடக்கும் அருளானந்தர் நாடகங்களில் அப்பெண்மணியைக் கொடியவராகவே ஆட்டுவிப்பார்கள். திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்ட ஏரோதியாளோடு ஒப்பிடுவார்கள். நான் அதற்கு உடன்படேன். தாம் எக்குற்றமும் செய்யாதிருக்க, ஒரு காலையில் மனைவி என்னும் நிலை போயிற்று. அவர் அழுததில் வியப்பென்ன? கிறித்தவர்கள் தம் வேதசாட்சியை நினைக்கும்போது அப்பெண்மணியின் துயரையும் உடன் நினைத்தாலன்றி, அவ்வரலாற்றை முழுமையாகச் சொன்னவர்கள் ஆகமாட்டார்கள்.

சனவரி 8ஆம் நாள் அருளானந்தர் பிடிபட்டார். தடியத்தேவர் அரண்மனையில் அவருக்காக வாதாடினார். செல்வாக்கு மிக்க உறவினர் ஒருவர் புதிய சமயத்தாரோடு கூடி நிற்பது மன்னருக்கு அரசியல் அச்சமாகவும் இருந்தது. தலைநகரிற் கொன்றாற் கலகம் மூளும் என்று கருதி, நாடுகடத்துவதுபோல் காட்டித் தம் தம்பியின் ஆளுகைக்குட்பட்ட ஓரியூருக்கு அனுப்பினார். சிறையில் மைக்குப் பதில் கரிநீரும், எழுதுகோலுக்குப் பதில் வைக்கோல் துரும்பும் கொண்டு அருளானந்தர் தம் சபையார்க்கு மடல் எழுதினார். 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன்கிழமை, ஆற்றங்கரை மேட்டில் அவர் தலை வீழ்ந்தது. வெட்ட வந்தவனை அவர் தழுவிக்கொண்டார் என்று வரலாறு கூறுகிறது. 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

தந்தையார் இவ்வளவும் சொல்லி முடித்துக் கேட்டார்: “வெட்டியவனும் இந்தச் சீமையான், வழக்காடிய தடியத்தேவரும் இந்தச் சீமையார், ஞானஸ்நானம் பெற்றவர்களும் இந்தச் சீமையார். உன் நண்பனை எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய்?” எனக்கு விடை தெரியவில்லை.

துன்புற்றவரின் கதையைப் பிறர்மேல் எறியும் கல்லாக்குவது கிறித்தவன் முதலிற் தவிர்க்க வேண்டியது. அஃது எளிதன்று, ஏனெனில் தன் சமயத்தார் பட்ட துன்பம் மட்டுமே கண்ணிற் படும். 1686இல் அருளானந்தர் வதையுண்டார் என்று நினைவிற் கொள்கிறோம். அதற்கு முந்தைய ஆண்டில், 1685இல், பிரான்சின் கத்தோலிக்க மன்னர் பதினான்காம் லூயி, புரொட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டுரிமை அளித்திருந்த நாந்து ஆணையை நீக்கினார் என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? அருளானந்தரை அனுப்பிய போர்ச்சுக்கலின் ஆட்சி, கோவாவில் பதினாறாம் நூற்றாண்டில் கோயில்களை இடித்தது. 1560இல் அங்கே விசாரணை மன்றத்தையும் நிறுவியது. இவையும் எங்கள் வரலாறே. இவற்றை மறைத்துவிட்டு ஓரியூருக்காக அழுவது நேர்மையன்று.

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1658இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கரின் வழிபாட்டைத் தடைசெய்தனர். ஒடுக்கியவரும் கிறித்தவர், ஒடுங்கியவரும் கிறித்தவர். கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகள் 1687இல் ஏழைத் தொழிலாளியாக மாறுவேடம் பூண்டு அங்கே சென்று, இரவில் மறைந்து தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பணி செய்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றர் என்று ஐயுற்றுச் சிறையிலிட்டார்கள். பின்னர்ப் பௌத்த மன்னரே அவருக்குப் பணிசெய்யும் உரிமை அளித்தார். 1697இல் கண்டியிற் பெரியம்மை பரவிற்று. ஊரார் நோயாளிகளைக் கைவிட்டு ஓடினார்கள். வாஸ் அடிகள் ஓடவில்லை. எச்சமயத்தார் என்று பாராமல் நோயாளிகளுக்குக் குடில் அமைத்து, கஞ்சி ஊட்டி, இறந்தவரை அடக்கம் செய்தார். தம்மைச் சிறையிலிட்ட ஊர் அது என்பதை அவர் கணக்கில் வைக்கவில்லை.

இன்று நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்றின் உரிமையை எல்லார்க்கும் அளித்திருக்கிறது. ஒரு கிறித்தவன் தாக்கப்படும்போது சட்டத்தின் வாயிலில் நின்று நீதி கேட்பது அவன் உரிமை. அச்சத்தால் வாய்மூடியிருப்பதைப் பொறுமை என்று நான் சொல்லமாட்டேன். தடியத்தேவர் வாய்மூடியிருக்கவில்லை. ஆயின் அடுத்த தெருவில் வேறு சமயத்தான் தாக்கப்படும்போதும் அவன் குரல் அதே உயரத்தில் எழ வேண்டும். எழவில்லையெனில், தனக்காக அவன் கேட்பது நீதியா, சலுகையா என்று பிறர் ஐயுறுவது இயல்பு.

அன்று மாலையே தந்தையார் என்னை நண்பன் தங்கியிருந்த வீட்டிற்கு அழைத்துச் சென்றார். “நான் சொன்னது தப்பு” என்றேன்; அதற்குமேற் சொல் வரவில்லை. அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த மண் உங்கள் வீட்டில் இருக்கிறதாமே, பார்க்கலாமா?” என்று கேட்டான். மறுநாள் எங்கள் வீட்டிற்கு வந்தான். தந்தையார் பேழையைத் திறந்து, அதில் ஒரு சிட்டிகை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.